எல்லை தாண்டும் தகவல், எல்லையில் நிற்கும் சட்டம்

வணக்கம் நேயர்களே. அரசு வழக்கறிஞர் என்றதும் கொலை வழக்கு, குறுக்கு விசாரணை என்றுதான் பலருக்கும் நினைவு வரும். என் வேலை அது இல்லை. மக்களின் சொந்த விவரங்களை வாங்கி வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை ஒழுங்காகப் பாதுகாக்கின்றனவா என்று கண்காணிக்கும் அரசு அமைப்புக்காக வாதாடுவதுதான் என் வேலை. அதிலும் பெரும்பகுதி, வெளிநாடுகளில் இதே வேலை பார்ப்பவர்களோடு கைகோத்துச் செய்தது.

ஏன் கைகோக்க வேண்டும்? கைபேசியில் ஒரு செயலியை இறக்குகிறீர்கள். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் எல்லாம் கொடுக்கிறீர்கள். நிறுவனம் ஒரு நாட்டில் இருக்கும், தகவலைச் சேமிக்கும் கணினி இன்னொரு நாட்டில், உங்கள் புகாரைக் கேட்பவர் மூன்றாவது நாட்டில். தகவல் மூன்று எல்லைகளையும் நொடியில் தாண்டிவிடும். சட்டம் முதல் எல்லையிலேயே நின்றுவிடும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

நான் எங்கே பேசினாலும் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோவிலிருந்து நடந்த ஆஷ்லி மேடிசன் என்ற இணையதளம். திருமணமானவர்கள் ரகசியமாக வேறு துணை தேடுவதற்கென்றே நடத்தப்பட்டது. 2015-இல் அதற்குள் ஊடுருவியவர்கள், சுமார் 3 கோடியே 60 லட்சம் கணக்குகளின் விவரங்களை வெளியே கொட்டினார்கள். “அவங்களுக்கு நல்லா வேணும்” என்று அப்போது பலர் பேசினார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தளம் அப்போது மின்னஞ்சல் முகவரிகளைச் சரிபார்த்ததே இல்லை. யாரோ ஒருவர் உங்கள் முகவரியைப் போட்டுப் பதிவு செய்திருந்தால் போதும், எந்தப் பாவமும் அறியாத உங்கள் முகவரியும் அந்தப் பட்டியலில் இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறுப்பினர் நல்லவரா, கெட்டவரா என்று தனியுரிமைச் சட்டம் கேட்பதில்லை. வாக்குக் கொடுத்த நிறுவனம் அதைக் காப்பாற்றியதா என்றுதான் கேட்கிறது.

காப்பாற்றவில்லை. 19 டாலர் கட்டினால் எல்லாவற்றையும் முழுசாக அழித்துவிடுவோம் என்றது நிறுவனம். பணம் கட்டியவர்களின் தகவலும் 12 மாதம் வரை உள்ளேயே கிடந்தது. பாதுகாப்புக்காக விருது பெற்றதாக முகப்பில் ஒரு முத்திரை இருந்தது. அது அவர்களே உருவாக்கிக்கொண்டது! இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, இதை யார் விசாரிப்பது? 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் உறுப்பினர்கள். கனடாவின் தனியுரிமை ஆணையரும் ஆஸ்திரேலியாவின் தனியுரிமை ஆணையரும் சேர்ந்து ஒரே விசாரணை நடத்தி, 2016 ஆகஸ்டில் ஒரே அறிக்கையாக வெளியிட்டார்கள். அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அவர்களோடு ஒத்துழைத்தது. அதே டிசம்பரில் நிறுவனம் அமெரிக்காவில் 16 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இங்கேதான் என் பழைய பல்லவிக்கு வருகிறேன். ஓர் அரசு அலுவலகம் திரட்டிய சாட்சியத்தை இன்னொரு நாட்டு அலுவலகத்துக்கு அப்படியே அனுப்பிவிட முடியாது. விசாரணை ரகசியம் காக்க வேண்டும் என்று பெரும்பாலும் அதன் சொந்தச் சட்டமே தடுக்கும். பகிர்ந்துகொள்ளலாம் என்று தனியாக ஒரு சட்டம் வேண்டும். அமெரிக்கா 2006-இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது; இந்த வழக்கில் கைகொடுத்தது அதுதான். செய்தித்தாளில் யாரும் பெரிதாக எழுதாத சட்டம். ஆனால் அது இல்லையென்றால், ஒரே கேள்வியை மூன்று அலுவலகங்களும் தனித்தனியாகக் கேட்டு, ஒரே நிறுவனத்திடம் மூன்று விதமான பதில் வாங்கியிருக்கும். தகவல் தாண்டுகிறது, சட்டம் நிற்கிறது என்றேனே, அந்த இடைவெளியை ஓரளவு அடைப்பது இப்படிப்பட்ட அனுமதிதான்.

அனுமதி மட்டும் போதாது, ஆளும் தெரிந்திருக்க வேண்டும். 2010-இல் தொடங்கிய உலகத் தனியுரிமை அமலாக்க வலையமைப்பு அதற்குத்தான். அவசரத்தில் எந்த நாட்டில் யாரை அழைப்பது என்று தெரிந்திருப்பது வழக்கில் பாதி வேலை. இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கும் இதையே சொல்வேன்: அடுத்த நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள், அங்கே இருப்பவரின் நம்பிக்கையையும் சம்பாதியுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தகவல் போவதற்கான ஒப்பந்தங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். முதல் ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது, இரண்டாவதை 2020-இல். மூன்றாவது ஏற்பாடு 2023-இல் வந்தது. இவ்வளவுதான் இப்போது சொல்ல முடிகிறது.

அப்புறம், கடைசியாக ஒன்று. உங்கள் தகவலை யாராவது தவறாகப் பயன்படுத்தினால், நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் நாட்டு அமைப்புக்கே புகார் எழுதுங்கள். தேதி, நிறுவனம் அனுப்பிய செய்தி, திரையின் படம், மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் விசாரணைகள் பல தொடங்குவது அப்படி வரும் ஒரு கடிதத்திலிருந்துதான். வணக்கம்.