1969 கமாரோவுக்குப் புது வீல்: அழகு அப்புறம், அளவு முதல்ல

[காட்சி: கேரேஜ் வாசல். கமாரோ மெதுவா வெளிய வந்து வலது பக்கம் திரும்புது. உரசல் சத்தம்.]

கேட்டுச்சா? புது வீல் மாட்டி, முதல் தடவை ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சப்போ வர்ற சத்தம் அது. டயரோட தோள்பட்டை, சக்கரத்துக்கு மேல மூடியிருக்கிற ஃபெண்டர் தகடு விளிம்புல தேயுது. இந்தச் சத்தம் வராம இருக்கணும்னா, வேலை வீலை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்.

வண்டி 1969 செவர்லே கமாரோ எஸ்எஸ். ஃபேக்டரியில 14 அங்குல விட்டம், 7 அங்குல அகல ரிம். அதுல எஃப்70-14 டயர். 'எஃப்' எடை தாங்குற அளவுக்கான எழுத்து. 70-ன்னா பக்கச் சுவரோட உயரம் அகலத்துல 70 சதவீதம். இன்னிக்குக் கிடைக்கிறதுல அதுக்குக் கிட்ட வர்றது 225/70ஆர்14. 225-ங்கிறது மில்லிமீட்டர்ல அகலம், 'ஆர்'னா ரேடியல் டயர், 14 ரிம் விட்டம். அதோட மொத்த உயரம் 26.4 அங்குலம். இந்த எண் நமக்குத் திரும்பவும் வேணும்.

[காட்சி: வீல் கழட்டின ஹப். அஞ்சு ஸ்டட். மேல அடிஸ்கேல்.]

ஹப்னா வீல் மாட்டுற நடுப்பகுதி. அதுல நட் ஏறுற அஞ்சு ஸ்டட்டும் ஒரு வட்டத்துல இருக்கு. கமாரோவுக்கு அந்த வட்டத்தோட விட்டம் 4.75 அங்குலம். ஆனா அஞ்சு ஸ்டட்ல எதிரெதிரா ரெண்டு கிடையாது. அதனால ஒண்ணு விட்டு அடுத்த ஸ்டட்டுக்கு மையத்துல இருந்து மையத்துக்கு ஸ்கேல் வைப்பாங்க. அது 4.52 அங்குலம் காட்டும். 'ஓ, நாலரை'ன்னு நினைச்சு மஸ்டாங் வீலை வாங்கினா ஹப்புல ஏறாது. வி8 மஸ்டாங்கோட வட்டம்தான் நாலரை. நீங்க எடுத்த அளவை 0.951-ஆல வகுங்க, உண்மையான விட்டம் வந்துடும்.

இப்போ இந்த வீடியோவோட முக்கியமான இடம்: பேக்ஸ்பேசிங். வீலைக் குப்புறப் போட்டு, உள்பக்க விளிம்பு மேல ஒரு நேர்க்கட்டையை வைங்க. அங்கிருந்து ஹப்புல ஒட்டுற முகம் வரைக்கும் உள்ள ஆழம்தான் பேக்ஸ்பேசிங். அது கூடினா வீல் வண்டிக்குள்ள போகும், குறைஞ்சா வெளிய துருத்தும்.

17-க்கு 8 ரிம்னு, அதாவது விட்டம் 17, அகலம் 8 அங்குலம்னு வச்சுக்குவோம். 8-ங்கிறது டயர் உட்கார்ற இடத்தோட அகலம் மட்டும்தான். ரெண்டு பக்க உதடும் சேர்ந்தா மொத்தம் சுமார் 9 அங்குலம். அதனால நட்டநடு நாலு இல்ல, நாலரை. இதுல 245/45ஆர்17 டயரைப் போட்டா அகலம் 9.65 அங்குலம். பேக்ஸ்பேசிங் 4.5-ன்னா, ஹப் முகத்துல இருந்து உள்ள 4.8, வெளிய 4.8 அங்குல இடம் வேணும். அதுக்கு மேல அசைவுக்குன்னு ரெண்டு பக்கமும் அரை அங்குலமாவது விடணும்னு நான் சொல்வேன்.

[காட்சி: பின் ஆக்ஸில் அடியில ஸ்டாண்ட்.]

அந்த இடம் இருக்கான்னு வண்டியில அளக்கணும். பின்னாடி ஆக்ஸிலுக்கு அடியில ஸ்டாண்ட் போடுங்க. பாடியைத் தூக்கினா ஆக்ஸில் தொங்கிடும், அப்போ எடுக்கிற அளவு பொய். உள்ள பட்டை ஸ்பிரிங், வெளிய ஃபெண்டர் உதடு, ரெண்டுக்கும் அளவு எடுங்க. முன்னாடி, சக்கரத்தை வண்டியோட இணைக்கிற கீழ் கன்ட்ரோல் ஆர்மைத் தாங்கி, நேரா ஒரு தடவை, முழுசா இடது ஒடிச்சு, முழுசா வலது ஒடிச்சு அளங்க. ரெண்டு பக்கமும் அளங்க. கமாரோவோட முன் சப்ஃபிரேம், அதாவது முன் சக்கரங்களைத் தாங்குற சட்டம், பாடியோட போல்ட்ல நிக்கிறது. இத்தனை வருஷத்துல யாராவது கழட்டி மாட்டியிருந்தா இடதும் வலதும் ஒண்ணா இருக்காது. டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் கிட் போட்டிருந்தா ஹப் முகமே கொஞ்சம் வெளிய தள்ளியிருக்கலாம். இணையத்துல யாரோ போட்ட அளவை நம்பி வாங்காதீங்கன்னு நான் கெஞ்சிக் கேக்கிறது இதுக்குத்தான்.

பின்னாடி அகலமான டயருக்காக ஃபெண்டர் உதட்டை மடிப்பாங்க, வெட்டவும் செய்வாங்க. அசல் தகடு இருக்கிற வண்டியில அதைச் செய்யாதீங்க. ஒரு சைஸ் குறைஞ்ச டயர் போடுங்க. டயர் தேஞ்சா வேற வாங்கலாம், 1969-ல அடிச்ச தகடு திரும்பக் கிடைக்காது.

டயர் உயரத்துக்கு வருவோம். 245/45ஆர்17 நின்னா 25.7 அங்குலம். பழைய 26.4-ஐ விடக் கம்மி, அதனால முள் 60 மைல் காட்டும்போது வண்டி ஓடுறது சுமார் 58.4. கியர்பாக்ஸ்ல ஸ்பீடாமீட்டர் கேபிளைச் சுத்துற சின்னப் பல்சக்கரத்தை மாத்தினா இதைச் சரிபண்ணிடலாம்.

[காட்சி: நட்டைக் கையால திருகுறது.]

கமாரோ ஸ்டட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அலுமினிய வீலோட முகம் பழைய இரும்பு ரிம்மை விடத் தடிமன், அதனால நட் பிடிக்க ஸ்டட் மிச்சம் இருக்கான்னு பாருங்க. நட் குறைஞ்சது 9 சுத்து ஏறணும். ஏறலைன்னா நீள ஸ்டட் மாத்துங்க. நட்டோட உட்கார்ற முகமும் வீலோட ஓட்டைக்குப் பொருந்தணும். கூம்பு நட்டுக்கான வீல்ல வாஷர் வச்ச நேர் நட்டைப் போடக்கூடாது. கமாரோவுக்கு இல்லைன்னாலும் ஒண்ணு சொல்லிடுறேன்: 1960-கள்ல வந்த டாட்ஜ், பிளைமவுத் மசில் கார்கள்ல இடது பக்க ஸ்டட்டுக்கு இடது மரை. தெரியாம வழக்கம் போல இடது பக்கமா சுத்தினா இன்னும் இறுகும், பலம் போட்டா ஸ்டட் ஒடிஞ்சிடும்.

வீல் ஏறியாச்சு, ஆனா அலைன்மென்ட், அதாவது சக்கரங்களோட கோணங்களைச் சரிபண்றது, பண்ணாம ஓட்டாதீங்க. அந்தக் காலத்து எண்கள் பயஸ் டயருக்குப் போட்டது. இழைகள் குறுக்கும் நெடுக்குமாப் பின்னின டயர் அது. ரேடியல்ல இழைகள் ஒரு விளிம்புல இருந்து இன்னொரு விளிம்புக்கு நேராப் போகும், அதனால பக்கச் சுவர் வளையும், தரையில படுற பட்டை நிலையா இருக்கும். இந்த டயருக்குக் காஸ்டர் கூடுதலா வேணும். சைக்கிளோட முன் ஃபோர்க் சாய்வா இருக்கே, அதே சாய்வுதான். சக்கரம் தானா நேருக்குத் திரும்புறது அதனாலதான். மேல் கன்ட்ரோல் ஆர்முக்குப் பின்னாடி இருக்கிற ஷிம் தகடுகளை மாத்தி, காஸ்டர் பாசிட்டிவ் 3 டிகிரி பக்கம், கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா சக்கரம் சாயுற கோணம்) நெகட்டிவ் அரை டிகிரி பக்கம் கேளுங்க. ரேடியலையும் பயஸையும் ஒரே வண்டியில கலக்காதீங்க.

[காட்சி: சாலையோரம். கையில டார்க் ரெஞ்ச்.]

நட்டை நட்சத்திர வரிசையில, வீல் கம்பெனி சொல்ற டார்க்குக்கு, அதாவது இறுக்க அளவுக்கு, இறுக்குங்க. 50 மைல் ஓடினதும், வீல் ஆறினப்புறம் மறுபடி இறுக்கிப் பாருங்க. அப்படியே டார்ச் லைட்டை ஃபெண்டர் உள்பக்கம் அடிங்க. எங்கயாவது பெயின்ட் பளபளன்னு தேஞ்சிருந்தா, டயர் அங்க தொட்டிருக்கு.