சென்சார் விளக்கு எரிகிறது, கன்ட்ரோலருக்கு மட்டும் தெரியவில்லை

சரி, அடுத்த கேள்வி. மெஷினின் ஒவ்வொரு அச்சுக்கும் தொடக்க இடத்தைக் காட்டும் ஹோம் சென்சாரைப் பற்றி ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "மூன்று அச்சுக்கும் ஹோம் சென்சார் போட்டிருக்கிறேன். இரும்பைப் பக்கத்தில் கொண்டுபோனால் சென்சாரின் பின்னால் இருக்கும் சின்ன விளக்கு எரிகிறது. ஆனால் கன்ட்ரோலரில் அந்த இன்புட் விளக்கு எரியவே மாட்டேன் என்கிறது. சென்சார் என்.பி.என். வகை, 24 வோல்ட். இன்புட் காமனை 0 வோல்ட்டில் கொடுத்திருக்கிறேன். சென்சாரைக் கழற்றிவிட்டு பி.என்.பி. வாங்கிப் போட வேண்டுமா?"

வேண்டாம், வாங்காதீர்கள். காமனை 0 வோல்ட்டில் கொடுத்திருக்கிறேன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், சிக்கல் அங்கேதான். காமன் என்பது பல இன்புட்டுகளுக்கும் பொதுவான மறுமுனை.

முதலில் சென்சாரில் எரியும் அந்த விளக்கை அதிகம் நம்பாதீர்கள். "எனக்கு சப்ளை வந்திருக்கிறது, எதிரே இரும்பு இருக்கிறது" என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. கருப்பு ஒயர் வழியாக கன்ட்ரோலருக்குள் கரண்ட் போனதா என்று அதற்குத் தெரியாது. இன்புட் ஆன் ஆக வேண்டுமென்றால் கரண்ட் ஒரு முனையில் நுழைந்து, உள்ளே இருக்கும் ஆப்டோகப்ளரை, அதாவது சிக்னலை ஒளியாக்கிக் கடத்தும் சின்ன சிப்பைக் கடந்து, மறுமுனையில் வெளியேற வேண்டும், அந்தச் சுற்று முழுதாக இருக்க வேண்டும். உங்கள் ஒயரிங்கில் அந்தச் சுற்றே இல்லை. மூன்று ஒயர் சென்சாரில் பெரும்பாலும் பழுப்பு பிளஸ், நீலம் 0 வோல்ட், கருப்பு சிக்னல். என்.பி.என். சென்சார் இரும்பைப் பார்த்ததும் கருப்பு ஒயரை 0 வோல்ட்டோடு சேர்க்கிறது, பார்க்காதபோது அதை அந்தரத்தில் விட்டுவிடுகிறது. அது தானாக 24 வோல்ட்டை வெளியே தராது. இப்போது இன்புட்டின் ஒரு பக்கம் சென்சார் வழியாக 0 வோல்ட், மறுபக்கம் காமனும் 0 வோல்ட். இரண்டு பக்கமும் 0 என்றால் கரண்ட் எங்கிருந்து வரும்?

காமனை 24 வோல்ட் பிளஸ்ஸுக்கு மாற்றுங்கள். அப்போது பிளஸ்ஸிலிருந்து காமன் வழியாக உள்ளே போய், ஆப்டோகப்ளரைக் கடந்து, இன்புட் டெர்மினலில் வெளியே வந்து, கருப்பு ஒயர் வழியாக சென்சாருக்குள் இறங்கி 0 வோல்ட்டைச் சேரும். பி.என்.பி. சென்சாராக இருந்தால் இதற்கு நேர் எதிர், சென்சார் பிளஸ்ஸைத் தரும், காமன் 0 வோல்ட்டில் இருக்கும். பல கன்ட்ரோலர்களில் ஆப்டோகப்ளருக்குள் இரண்டு எல்.இ.டி. எதிரெதிராக வைத்திருப்பார்கள், அதனால் எந்தத் திசையில் கரண்ட் வந்தாலும் வேலை செய்யும். ஆனால் எல்லாக் கன்ட்ரோலரும் அப்படி இல்லை. சிலவற்றில் காமன் வெளியே வந்தே இருக்காது, உள்ளேயே ஒரு பக்கமாகக் கட்டிவிட்டிருப்பார்கள். அதனால் மேனுவலில் இன்புட் சர்க்யூட் படத்தைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். சிங்க் (கரண்டை உள்ளே வாங்குவது), சோர்ஸ் (கரண்டை வெளியே தருவது) என்று எழுதியிருப்பதைப் படித்துக் குழம்ப வேண்டாம், ஒரு கம்பெனி கன்ட்ரோலர் கார்டின் பக்கத்திலிருந்து சொல்லும், இன்னொன்று சென்சாரின் பக்கத்திலிருந்து சொல்லும். படத்தில் கரண்ட் எந்தப் பக்கம் போகிறது என்று விரலை வைத்துப் பார்த்தால் போதும்.

இப்போது ஒரு எச்சரிக்கை, இதை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். அந்தக் காமன் ஒரு சென்சாருக்கு மட்டும் சொந்தமில்லை. எட்டு இன்புட்டோ பதினாறு இன்புட்டோ ஒரே காமனில் இருக்கும். நீங்கள் காமனை பிளஸ்ஸுக்கு மாற்றிய அந்த நொடியில், அதே குரூப்பில் ஏற்கெனவே 24 வோல்ட்டைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்த பட்டன், அச்சு எல்லையைத் தொட்டால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் எல்லாம் செத்துப்போகும். நார்மலி க்ளோஸ்டு (அழுத்தாதபோது கரண்டை விடும்) சுவிட்ச் என்றால் பரவாயில்லை, உடனே அலாரம் வந்து உங்களுக்குத் தெரிந்துவிடும். நார்மலி ஓப்பன் (அழுத்தினால் மட்டும் கரண்டை விடும்) லிமிட் சுவிட்ச் என்றால் எதுவுமே தெரியாது, எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும், அச்சு போய் முட்டும்போதுதான் தெரியும். ஆகவே காமனை மாற்றினால் அந்தக் குரூப்பில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சின் மறுமுனையையும் 24-லிருந்து எடுத்து 0 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி, திரையில் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாருக்குப் பவர் கொடுங்கள்.

கையில் பாதி என்.பி.என்., பாதி பி.என்.பி. இருக்கிறது என்றால்? கன்ட்ரோலரில் இரண்டு குரூப் இருந்தால் ஒன்றுக்கு இது, மற்றொன்றுக்கு அது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே குரூப்தான் என்றால் நடுவில் ஒரு ஆப்டோகப்ளர் போர்டு போடுங்கள். சிலர் கருப்பு ஒயருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு என்.பி.என்.-ஐ பி.என்.பி. மாதிரி ஓட்டுவார்கள். ஓடும், ஆனால் லாஜிக் தலைகீழாகிவிடும், இரும்பு வந்தால் இன்புட் ஆஃப். ரெசிஸ்டரில் கால் வாட்டுக்குச் சற்று மேல் சூடு இறங்கும், அரை வாட்டாவது போட வேண்டும். இன்புட்டின் உள் ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம் அளவில் இருந்தால் அங்கே கிடைப்பது 16 வோல்ட்தான். வழக்கமான 24 வோல்ட் இன்புட்டில் 15-க்கு மேல் இருந்தால் ஆன் உறுதி, 5-க்குக் கீழே இருந்தால் ஆஃப் உறுதி, நடுவில் எதற்கும் உத்தரவாதம் இல்லை. 16 என்பது விளிம்பு. எனக்கு இந்த வேலை பிடிக்காது, ஹோம் சென்சாருக்கு வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம், லிமிட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

5 வோல்ட் இன்புட் உள்ள சின்ன போர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 24 வோல்ட்டில் ஓடும் பி.என்.பி. சென்சாரின் கருப்பு ஒயரை அதில் நேராகச் செருகினால் அந்த இன்புட் போயே போய்விடும். என்.பி.என். என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பார்கள், அதுவும் முழு உண்மையில்லை, ஏனென்றால் சில விலை மலிந்த சென்சார்களில் உள்ளேயே கருப்பு ஒயரிலிருந்து பிளஸ்ஸுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சென்சாருக்கு சப்ளை மட்டும் கொடுத்து, கருப்பை எதிலும் மாட்டாமல், எதிரே இரும்பு இல்லாமல், கருப்புக்கும் நீலத்துக்கும் இடையே மீட்டர் வையுங்கள். சப்ளைக்கு நெருக்கமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம், ஆப்டோகப்ளர் இல்லாமல் போர்டில் மாட்டாதீர்கள்.

லிமிட்டுக்கு எப்போதும் நார்மலி க்ளோஸ்டு. ஒயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும், சப்ளை போனாலும் மெஷின் நிற்க வேண்டும். என்.பி.என். ஒயரிங்கில் இன்னொரு விஷயம் உண்டு, 0 வோல்ட்டை எர்த் செய்திருக்கும் மெஷினில் கருப்பு ஒயரின் தோல் உரிந்து பாடியில் பட்டால், சென்சார் ஒன்றும் பார்க்காமலேயே இன்புட் ஆன் ஆகிவிடும். க்ளோஸ்டு லிமிட்டுக்கு ஆன் என்றால் "எல்லாம் சரி" என்று அர்த்தம், அப்போது அச்சு எல்லையைத் தாண்டினாலும் கன்ட்ரோலர் நிறுத்தாது. பி.என்.பி.-யில் அதே ஒயர் பாடியில் பட்டால் சிக்னல் விழுந்துவிடும், மெஷின் நிற்கும். அதனால்தான் புதிதாக ஒரு மெஷின் கட்டுகிறவர் கேட்டால் நான் பி.என்.பி. என்பேன். உங்களிடம் இருப்பது ஹோம் சென்சார்தானே, அதற்காக மாற்ற வேண்டியதில்லை. எமர்ஜென்சி ஸ்டாப்பை இந்த இன்புட்டை மட்டும் நம்பி விடாதீர்கள், அது தனியாக டிரைவின் பவரையே வெட்ட வேண்டும்.

காமனை மாற்றியும் எரியவில்லை என்றால் மீட்டரை எடுங்கள். ஒரு முனை இன்புட் டெர்மினலில், இன்னொரு முனை காமனில், 0 வோல்ட்டில் இல்லை, காமனில். இரும்பைக் காட்டும்போது 22, 23 வோல்ட் வர வேண்டும், எடுத்ததும் 0-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் சென்சாருக்கும் காமனுக்கும் வேறு வேறு பவர் சப்ளை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டின் 0 வோல்ட்டையும் சேர்க்காவிட்டால் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை. மீட்டரில் வோல்ட் சரியாக வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் அந்த இன்புட்டே போயிருக்கலாம், பக்கத்து இன்புட்டில் மாட்டிப் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் ஹோமிங் (அச்சு தன் தொடக்க இடத்தைத் தேடிப் போவது) ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அது ஒயரிங் இல்லை, பாராமீட்டர். இன்புட் ஆன் ஆனால் டிரிகரா, ஆஃப் ஆனால் டிரிகரா என்பதற்காக ஆக்டிவ் ஹை, ஆக்டிவ் லோ என்று இருப்பதை மாற்றிப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் தவறாக டிரிகர் ஆகிறது என்றால் சென்சார் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி ஓட்டுங்கள், ஷீல்டு கேபிள் என்றால் ஷீல்டை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். சிக்னல் சிறிது நேரம் நிலைத்தால்தான் ஏற்கும் இன்புட் ஃபில்டரை உடனே ஏற்றிவிடாதீர்கள். 10 மில்லி செகண்ட் ஃபில்டர் வைத்து, நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஹோம் தேடினால், கன்ட்ரோலருக்குத் தெரிவதற்குள் அச்சு 1 மில்லிமீட்டர் போய்விட்டிருக்கும். வேகமாகப் போய் சென்சாரைப் பிடித்து, பின்னால் வந்து, மறுபடி மெதுவாகத் தொடும்படி இரண்டாவது வேகத்தை நொடிக்கு 5 மில்லிமீட்டர் போல வைத்தால், அதே ஃபில்டரில் 0.05 மில்லிமீட்டர்தான் தள்ளும், அதுவும் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே அளவு.