பாதை அறுந்துபோகும் இடம்

நண்பர்களே,

மிதிவண்டிப் பாதை கேட்டு மனு எழுத உட்கார்ந்தால் முதலில் கிலோமீட்டர் கணக்குதான் மனத்தில் வருகிறது. அப்படிக் கேட்காதீர்கள். நீளத்தைக் கேட்டால் நீளம்தான் கிடைக்கும். சாலை அகலமாக உள்ள, யாரும் எதிர்க்காத இடத்தில் பாதை போட்டுவிட்டு, நெருக்கடியான சந்திப்பு வருவதற்குச் சற்று முன்னால் பாதையை முடித்துவிடுவார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு மிதிவண்டியில் அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய், அந்த ஒரு சந்திப்பை நினைத்துத்தான் முடிவெடுக்கிறார்.

நெதர்லாந்தின் அனுபவத்தைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டில் அங்கே சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பதையே தங்கள் இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். அரசு அசைந்தது. 1970-களின் நடுவில் தி ஹேக், டில்பர்க் நகரங்களில் முன்மாதிரிப் பாதைகள் அமைந்தன. அந்தப் பாதைகளில் கூட்டம் கூடியது. நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெரிய மாற்றம் இல்லை. பிறகு டெல்ஃப்ட் நகரம் வேறு வழியில் போனது. விடுபட்ட இடங்களைப் பாலங்களாலும் சுரங்கப்பாதைகளாலும் இணைத்து ஒரு வலையமைப்பை உருவாக்கியது. அங்கே மிதிவண்டிப் பயணங்களின் பங்கு கூடியது.

ஸ்பெயினின் செவில் நகரம் இன்னும் துணிச்சலானது. 2006, 2007-ஆம் ஆண்டுகளிலேயே சுமார் 80 கிலோமீட்டர் பாதையை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. அதற்காகப் பல இடங்களில் கார் நிறுத்தும் இடத்தை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் மிதிவண்டிப் பயணங்கள் பல மடங்கு பெருகின.

ஆகவே மனுவோடு வைக்கும் நம் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை பாதை அறுந்துபோகும் இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் என்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்போம். ஓரிடத்தில் நடுவே நின்று கடக்கத் திட்டு வேண்டியிருக்கும். இன்னோரிடத்தில் மிதிவண்டிக்குத் தனி சிக்னல் நேரம். திருப்பத்தின் வளைவை இறுக்கிக் கட்டினாலே வாகனம் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பாதையைப் பிரிக்க இடமில்லாத தெருவில் வேக வரம்பை 30 ஆக்கச் சொல்லுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வாகனம் 50-இல் வந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. அதைத் தாங்குவது மிதிவண்டி ஓட்டுபவரின் உடல்.

கடைக்காரர்களிடம் வரைபடம் முடிவாவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சரக்கு இறக்க இடம் போய்விடுமோ என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. அதற்கு வரைபடத்திலேயே இடம் ஒதுக்கலாம். சாலைப் பொறியாளரை, பள்ளி விடும் நேரத்தில் நம்மோடு மிதிவண்டியில் வரச் சொல்லி அழையுங்கள். பத்துப் பக்க மனுவைவிட அந்த அரை மணி நேரம் அவருக்கு அதிகம் சொல்லும்.

இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அடுத்து எந்தெந்தச் சாலைகளுக்குப் புதிதாகத் தார் போடப்போகிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எப்படியும் புதிதாகக் கோடு போட வேண்டிய நேரத்தில் மிதிவண்டிக்கு இடம் விட்டு அந்தக் கோட்டை இடம் மாற்றிப் போடுவதற்குச் செலவு மிகக் குறைவு. டெண்டர் விட்ட பிறகு போய் நின்றால், அடுத்த முறை தார் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.