கொசு மருந்து அடிக்கிற ஊர்ல கடல் ரால் வளக்கிறது எப்படி? | சுங்கை சிப்புட் வீட்டுத் தொட்டி

வணக்கம் மக்களே, பசியாறிட்டீங்களா? இன்னைக்கு சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வரேன். நாளைக்கு சாயங்காலம் எங்க தாமான்ல, அதாவது குடியிருப்புல, கொசுவுக்குப் புகை அடிக்க வராங்க, கேட்டுல காகிதம் சொருகிட்டுப் போயிருக்காங்க. அதுக்குள்ள இந்த வீடியோவப் போட்டுட்டா, உப்புத்தண்ணித் தொட்டி வெச்சிருக்கிற நம்ம ஆளுங்க நாலு பேருக்காவது உதவும்.

ரால் செத்துப் போச்சுன்னு சொல்றவங்க எல்லாரும் எனக்குத் தண்ணி டெஸ்ட் நம்பரத்தான் அனுப்புறாங்க. அம்மோனியா சைபர், நைட்ரைட் சைபர், நைட்ரேட் பத்து. பாக்க அழகா இருக்கும். நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: வீட்ல என்ன கொசு மருந்து வைக்கிறீங்க? பாதிப் பேரு அதோட சத்தமே இல்லாமப் போயிருவாங்க.

இருங்க, கேமராவக் கிட்ட கொண்டு போறேன். தெரியுதா? அந்தக் கல்லுக்கு அடியில, முதுகுல நல்ல சிவப்பு, நடுவுல மூக்குல இருந்து வால் வரைக்கும் இழுத்து விட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மீசைய மட்டும் பாருங்க, தூய வெள்ளை, உடம்ப விட நீளம். அதத்தான் ஆட்டி ஆட்டி மீனக் கூப்புடும். "வா, உன்ன சுத்தம் பண்ணி விடுறேன்"னு. இதுதான் கிளீனர் ஷ்ரிம்ப். கடல்ல பெரிய பெரிய மீனெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு இது முன்னாடி நிக்கும், இது உள்ள போய் ஒட்டுண்ணியும் செத்த தோலும் பொறுக்கித் தின்னும். என் கைய விடுறேன் பாருங்க... ம், வந்துருச்சு. நகக்கண்ணுகிட்ட சின்னச் சின்னக் கொடுக்கால சொரண்டுது. வலிக்காது, கூச்சமாத்தான் இருக்கும். கைய விடுறதுக்கு முன்னாடி சோப்பு போடாம வெறும் தண்ணியில முழங்கை வரைக்கும் கழுவிட்டேன், அதையும் சொல்லிடணும். கொசுக் கிரீம் தடவுன கையோ, நாய்க்குத் தெள்ளு மருந்து போட்ட கையோ தொட்டிக்குள்ள போகவே கூடாது.

இப்ப ஏன் கொசு மருந்துன்னா, கொசுவும் ராலும் ஒரு வகையில சொந்தக்காரங்க. ரெண்டும் கணுக்காலி. கொசுவத்தியில, சுவத்துல சொருகுற மருந்துல, டின்னுல அடிக்கிற ஸ்பிரேயில பெரும்பாலும் இருக்கிறது பைரித்ராய்டு. செவ்வந்தி வகைப் பூ ஒண்ணுல இயற்கையா இருக்கிற பைரித்ரின்ங்கிற விஷத்தப் பாத்து ஆளுங்க செஞ்சது. பூச்சியோட நரம்பப் போய்ப் புடிக்கும். நமக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது அவ்வளவு கெடுதல் பண்ணாது, நம்ம உடம்பு அத வேகமா உடைச்சுத் தள்ளிரும். மீனுக்குக் கடுமை. ராலுக்கு அதவிடக் கடுமை, கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். ரால் மல்லாந்து கால உதறிக்கிட்டுக் கெடந்துச்சுன்னா, உப்பச் சோதிக்கிறதுக்கு முன்னாடி அந்த ரூம மோந்து பாருங்க.

அது எப்படித் தண்ணிக்குள்ள போகுதுன்னு கேப்பீங்க. நாமதான் அனுப்புறோம். காத்து மோட்டார் ரூம்ல இருக்கிற காத்த உறிஞ்சித் தண்ணிக்குள்ள ஊதுது. அழுக்க நுரையாக்கி வெளிய தள்ளுற ஸ்கிம்மர் அதவிட மோசம், காத்தப் பொடிப்பொடிக் குமிழியாக்கித் தண்ணியோட கலக்குறதுதான் அதோட வேலையே. கொசுவத்தி ஹால்ல எரிஞ்சா அந்தப் புகை ராத்திரி பூரா தொட்டிக்குள்ள போய்க்கிட்டே இருக்கும். அதனால எங்க வீட்ல தொட்டி இருக்கிற ஹால்ல வத்தியும் கெடையாது, ஸ்பிரேயும் கெடையாது. சன்னல்ல வலை, காலுக்கு நேரா ஒரு காத்தாடி, அவ்வளவுதான். எங்கம்மாவுக்கு இது இன்னும் புடிக்கல. "ராலுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா"ன்னு தெனம் ஒரு தடவ கேட்டுருவாங்க. கேக்கட்டும், அவங்க ரூம்ல வத்தி கொளுத்திக்கிறாங்க, கதவச் சாத்திக்கிறாங்க.

சரி, புகை அடிக்கிற நாள். மொதல்ல ஒண்ணு, நான் புகை வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல. டிங்கி உயிர எடுக்குற காய்ச்சல். இங்க மலேசியாவுல 1975ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கு, நோய் பரப்புற பூச்சிகள அழிக்கிற சட்டம், 154ஆவது சட்டம். வீட்டுக்குள்ள வந்து பாக்கவும் மருந்தடிக்கவும் அதிகாரிக்கு உரிமை இருக்கு. அவங்க வரும்போது கதவு சன்னல் எல்லாம் தொறந்து வைக்கச் சொல்லுவாங்க, சாப்பாட்ட மூடச் சொல்லுவாங்க, தொட்டியையும் மூடச் சொல்லுவாங்க. மூடுறதுன்னா ஒரு துண்டப் போட்டுட்டுப் போறது இல்ல.

நான் செய்யிறது இதுதான். அவங்க வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி காத்து மோட்டார், ஸ்கிம்மர், தொட்டி மேல இருக்கிற காத்தாடி, மூணையும் நிறுத்திருவேன். தண்ணிக்குள்ளயே சுத்துற அலை மோட்டார் மட்டும் ஓடணும், அது வெளிக்காத்த இழுக்காது, தண்ணியப் பெரட்டிக்கிட்டே இருக்கும், அதனால ரால் மூச்சு முட்டாது. அப்புறம் மேசைக்குப் போடுற பிளாஸ்டிக் விரிப்பு இருக்குல்ல, அதத் தொட்டி மேல போட்டு நாலு பக்கமும் கண்ணாடியோட டேப் ஒட்டிருவேன். கீழ சம்ப், அதாவது ஃபில்டர் வைக்கிற தனித் தொட்டி, இருந்தா அதுக்கும் தனியா ஒண்ணு, நெறைய பேரு இத மறந்துர்றாங்க. அது மேல ஈரத் துண்டு. ஃபில்டர்ல புதுக் கரி, மீன் தொட்டிக்குன்னே விக்கிற ஆக்டிவேட்டட் கார்பன், ஒரு பை முன்னாடியே போட்டு வெச்சிருவேன், தப்பித் தவறி ஏதாவது உள்ள போனா அது கொஞ்சம் புடிச்சுக்கும். மூடியிருக்கும்போது தண்ணி சூடாகும், அதனால ஐஸ் போத்தல் ஒண்ண மூடி இறுக்கித் தொட்டிக்குள்ளயே மெதக்க விட்டுருங்க.

புகை அடங்குனதும் ஓடிப் போய்ப் பிரிக்காதீங்க! வீட்டக் காத்தாட விடுங்க. நான் ரெண்டு மணி நேரம் விடுவேன். பிரிக்கிறதுக்கு முன்னாடி தரையத் தொடைங்க, தொட்டியச் சுத்தி மேசையத் தொடைங்க, அந்த விரிப்போட மேல்பக்கத்தையும் ஈரத்துணியால தொடைச்சுட்டு, உள்பக்கமா மடிச்சு எடுங்க. அது மேலதான் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மருந்து படிஞ்சிருக்கும், ஒதறுனா எல்லாம் தண்ணிக்குள்ள. தொடைச்ச துணியத் தூக்கிப் போட்டுருங்க. அப்புறம்தான் காத்து மோட்டார். ஒரு வாரம், பத்து நாள்ல ரெண்டாவது தடவையும் வருவாங்க, அதனால அந்தக் கரிப் பைய எடுத்துட்டு அடுத்ததுக்குப் புதுசு போடுங்க.

கொசு மருந்துக்கு அடுத்த எமன் செம்பு. மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்துச்சுன்னா கடையில கொடுக்குற மருந்து நெறைய செம்பு கலந்தது. மீன் பொழச்சுக்கும், ரால் போயிரும். ஒரு தடவ ஊத்துன தொட்டியில கல்லும் மணலும் அதப் புடிச்சு வெச்சுக்கும், அதனால செகண்ட்ஹாண்ட் தொட்டி, பழைய கல்லு வாங்குனா முன்னாடி என்ன மருந்து ஊத்துனீங்கன்னு கேட்டுருங்க. வேடிக்கை என்னன்னா, ராலோட ரத்தத்துல ஓடுறதே செம்புதான். நமக்கு இரும்பு, அதுக்குச் செம்பு. உள்ள இருந்தா உயிர், வெளிய தண்ணியில இருந்தா விஷம். நம்ம வீடுகள்ல சாமி ரூம்ல செம்புச் சொம்பு, செம்புக் குடம் இருக்கும். ராத்திரி பூரா செம்புல நின்ன தண்ணி குடிக்க நல்லதுன்னு நெறைய பேரு வெச்சிருப்பாங்க. நீங்க தாராளமாக் குடிங்க, தொட்டியில ஊத்தாதீங்க. எங்கம்மா அந்தச் சொம்பத் தூக்கிக்கிட்டு ஹால் பக்கம் வந்தாலே நான் ஒரு சத்தம் போடுவேன்.

அடுத்தது சூடு. இங்க மத்தியானம் வெளிய 33, 34 போகுது. பால்மரம் இருந்த காலத்துல வீட்டுக்குப் பின்னாடி ஒரு குளுமை இருந்துச்சும்பாங்க, இப்ப பூராவும் செம்பனை. ராலுக்கு 24ல இருந்து 27 வரைக்கும் சொகம். 30ஐத் தாண்டித் தண்ணி நின்னுச்சுன்னா ஆக்சிஜன் கொறையும், ராலுக்கு வேணும்ங்கிற அளவு கூடும், ரெண்டு பக்கமும் இடி. தண்ணியக் குளுமையாக்குற சில்லர் வாங்க வசதி இருந்தா வாங்குங்க. இல்லன்னா கம்ப்யூட்டர்ல இருக்குமே சின்னக் காத்தாடி, அத ரெண்டு தண்ணி மேல சாய்வா அடிக்கிற மாதிரி வைங்க, ரெண்டு மூணு டிகிரி எறங்கும். மழைக்கு முன்னாடி புழுங்குற நேரத்துல அவ்வளவு எறங்காது.

ஆனா காத்தாடி வெச்சா தண்ணி ஆவியாப் போகும். போறது தண்ணி மட்டும்தான்லா, உப்பு அங்கயேதான் நிக்கும். கொறஞ்சதுக்கு உப்புத்தண்ணிய ஊத்துனீங்கன்னா உப்பு ஏறிக்கிட்டே போகும். ஆர்ஓ மெஷின்ல வடிகட்டுன தண்ணி, உப்பில்லாதது, அததான் ஊத்தணும், தெனமும் கொஞ்சம் கொஞ்சமா. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், அப்படியே ஊத்தாதீங்க. உப்பளவு, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி கணக்குல, 1.025, 1.026ல நிக்கட்டும். மீனு உப்பு ஏற்ற எறக்கத்தக் கொஞ்சம் தாங்கிக்கும், ரால் தாங்காது.

அதனாலதான் புது ராலக் கொண்டு வந்தா பையோட மெதக்க விட்டுட்டுத் தொட்டியில கொட்டுற வேலையே வேண்டாம். செலவக் கொறைக்கவோ என்னவோ, சில கடைகள்ல மீன் தொட்டியில உப்பக் கம்மியா வெச்சிருப்பாங்க. தவுக்கேகிட்ட, கடை மொதலாளிகிட்ட, கேட்டா "நார்மல்"பாரு. நீங்க உப்பளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல பைத் தண்ணிய ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. அப்புறம் ராலச் சுத்தமான வாளிக்கு மாத்தி, காத்து டியூப்ல ஒரு முடிச்சு போட்டு, தொட்டித் தண்ணிய செகண்டுக்கு ரெண்டு மூணு சொட்டு விழுற மாதிரி எறக்குங்க. வாளித் தண்ணி நாலு மடங்காகுற வரைக்கும். ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ ஆகட்டும். அப்புறம் ராலுதான் தொட்டிக்குள்ள போகணும், வாளித் தண்ணி போகக் கூடாது.

ஆ, இங்க பாருங்க, இது நல்லா மாட்டுச்சு. மணல் மேல கெடக்குது பாருங்க. புதுசா வளக்குறவங்க இதப் பாத்துத்தான் பதறுவாங்க, செத்துருச்சுன்னு. செத்தது இல்ல, சட்டை. வளர்றதுக்கு ரால் அப்பப்ப சட்டையக் கழட்டும். தலை ஓட்டுக்கும் முதுகுக்கும் நடுவுல ஒரு கீறல் தெரியுதா, அது வழியாத்தான் வெளிய வந்துச்சு. மீசை, கால், கண்ணு மேல இருக்கிற மூடி கூட அப்படியே இருக்கு, உள்ள மட்டும் காலி. தூக்குனா எடையே இருக்காது. செத்த ரால்னா சதை வெளுத்துக் கெட்டியாத் தெரியும். சட்டை கழட்டுன ரால் ஒடம்பு மெத்துன்னு இருக்கும், அதனால ஒரு நாள் ரெண்டு நாள் எங்கயாவது பதுங்கும். தேடுறேன்னு கல்லத் தூக்காதீங்க. இதுக்குன்னு அயோடின் போத்தல் விப்பாங்க. என்னக் கேட்டா, அளந்து பாக்க முடியாத எதையும் ஊத்தாதீங்க. ஒழுங்காத் தண்ணி மாத்துனா புது உப்புல வர்றதே போதும்.

வாங்கும்போது ரெண்டா வாங்குங்க. ஆண் பெண் பாக்க வேண்டியதில்ல, இதுங்க சின்னதுல ஆண், வளந்தப்புறம் ஒவ்வொண்ணுலயும் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. சட்டை கழட்டுன கையோட ஒண்ணு முட்டை புடிக்கும், வயித்துக்குக் கீழ பச்சையாத் தெரியும். பொரிச்சாலும் பொடிக் குஞ்ச வளக்குறது பெரிய வேலை, எல்லாம் மீன் வாய்க்குத்தான். ஆனா செவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பாக்ஸர் ராலக் கண்ண மூடிக்கிட்டு ரெண்டா வாங்காதீங்க, ஜோடி இல்லன்னா ஒண்ணு இன்னொண்ணக் கொன்னுரும். ஹார்லிக்வின் ரால் பாக்க ஓவியம் மாதிரி இருக்கும், ஆனா நட்சத்திர மீனத் தவிர வேற எதையும் தின்னாது. அதுக்கு யாரு நட்சத்திர மீன் வாங்கிப் போடுறது! விட்டுருங்க.

தீனி பத்திப் பெருசா ஒண்ணும் இல்ல, கடையில விக்கிற ஒறைஞ்ச மைசிஸ், பொடி ரால் மாதிரி ஒரு தீனி, கொஞ்சம் போதும். பாசார்ல, சந்தையில, வாங்குன பச்ச ராலப் போடாதீங்க, வளப்பு ரால்ல வெண்புள்ளி வைரஸ் இருக்கலாம், அது நெறைய வகை ராலப் புடிக்கும், ஐஸ்ல வெச்சாலும் சாகாது. போட்டே ஆகணும்னா நல்லா வேகவெச்சுப் போடுங்க.

கடைசியா, லூமுட் பக்கம் போகும்போது கடல் தண்ணிய வாளியில புடிச்சிட்டு வரலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. வேண்டாம் தம்பி. கரையோரத் தண்ணியில ஆத்துத் தண்ணியும் சேறும் கலந்திருக்கும், மழை பேஞ்சா உப்பு எங்கயோ போயிரும், படகு எண்ணெய் வேற. உப்புப் பொட்டி வாங்கிக் கலக்கிக்கோங்க. ரெடாங், தியோமான் போனா அங்க இருந்து ராலோ கல்லோ எடுத்துட்டு வரலாம்னு நெனைக்காதீங்க, அது கடல் பூங்கா, எடுக்குறது சட்டப்படி குத்தம். ஈப்போ கடைக்குப் போங்க, பையத் தூக்கிப் பாருங்க, மீசையெல்லாம் முழுசா ஆடுதான்னு பாத்து வாங்குங்க. சரி மக்களே, அடுத்த வீடியோவுல பாப்போம்.