கறியை விடும்போது நாக்குக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று

வணக்கம் உறவுகளே. புரட்டாசி முழுக்க நம் ஊர்க் கறிக்கடைகள் காற்றாடுகின்றன. ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு வந்தால் அதே கடைகளில் நிற்க இடம் கிடைப்பதில்லை. ஒரு மாதம் இருக்க முடிந்தவர்களால் ஏன் அதற்கு மேல் முடிவதில்லை? விரதம் முடியும் நாள் தெரியும் என்பதால் சாம்பார், ரசம், கூட்டு என்று ஓட்டிவிடுகிறோம், நாக்கும் பொறுத்துக்கொள்கிறது. நிரந்தரமாக விட நினைப்பவருக்கு அந்தச் சமையல் காணாது.

உயிரைக் கொன்று சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை, அதனால் விட்டேன். உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். மருத்துவர் சொல்லியிருக்கலாம், கறி விலை கட்டுப்படியாகாமல் இருக்கலாம். எதுவானாலும் படிப்படியாக விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வார நாட்களில் வாங்கும் கோழியை முதலில் நிறுத்துங்கள். பழக்கத்தால் வாங்குவதுதான் அது, பெரிதாகத் தேடாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி அடுத்தது. மீனை விடுவதுதான் கடினம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறி நமக்கு இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. மென்று தின்னும் சுகம் நாக்குக்கு. புரதம், இரும்பு, பி12 எல்லாம் உடம்புக்கு. மாற்றாக நாம் வைக்கும் காயும் பயறும் பெரும்பாலும் இதில் ஒரு வேலையைத்தான் செய்யும். எது எந்த வேலைக்கு என்று தெரியாமல் வைத்தால் சில மாதத்தில் சோர்ந்து போவோம், பழி சைவத்தின் மேல் விழும்.

இதோ, பலாப்பிஞ்சு. தை, மாசி வாக்கில் சந்தைக்கு வரத் தொடங்கும். கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் நறுக்க வேண்டும், இல்லையென்றால் பால் பிசுபிசுவென்று ஒட்டி லேசில் போகாது. மஞ்சள், உப்பு சேர்த்து வேகவைத்து, சின்ன வெங்காயம், சோம்பு, கல்பாசி, மிளகு போட்டுச் சுக்காவாகச் சுருட்டினால் நார் நாராகப் பிரிந்து வரும். நாக்கு நிறைந்துவிடும். ஆனால் 100 கிராம் பலாக்காயில் புரதம் ஏறக்குறைய 2 கிராம்தான். ஆகவே பலாச் சுக்கா வைக்கும் நாளில் பக்கத்தில் பருப்போ பயறோ கட்டாயம் இருக்கட்டும். காளானும் இதே கணக்குதான், 100 கிராமில் 3 கிராம் அளவு. கறியின் இடத்தை அது நிரப்பிவிடும் என்று நம்ப வேண்டாம்.

மீல் மேக்கர் இதற்கு நேர்மாறு. சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு எஞ்சும் மாவை, அழுத்தமும் சூடும் கொடுத்து எந்திரத்தில் பொரியவைத்துச் செய்வது. 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம் என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். அது உலர்ந்த நிலையில். ஊறினால் எடை மூன்று மடங்கு ஆகிவிடும், ஆகவே தட்டில் 100 கிராம் விழுந்தால் 16, 17 கிராம் புரதம்தான் கிடைக்கும். அதுவே நல்ல அளவு, குறை சொல்ல முடியாது. "வாடை அடிக்கிறது, பிடிக்கவில்லை" என்று பலர் ஒதுக்குகிறார்கள். கையைப் பாருங்கள். உப்புப் போட்டுக் கொதித்த நீரில் பத்து நிமிடம், பிறகு குளிர்ந்த நீரில் போட்டு இப்படி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அழுத்துகிறேன். நுரையோடு மஞ்சளாக ஒரு தண்ணீர் வருகிறது அல்லவா? வாடை அதில்தான் இருக்கிறது. தண்ணீர் தெளியும் வரை மறுபடியும் அலசிப் பிழியுங்கள். பிழிந்த கையோடு தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூளில் புரட்டிவிட வேண்டும். அப்போதுதான் பஞ்சு மாதிரி மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நாக்கையும் உடம்பையும் ஒருசேரக் கவனிக்கும் பதார்த்தம் ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது, சைவ மீன் குழம்பு. தட்டைப்பயறை நான்கு மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், சோம்பு, உப்புடன் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் கெட்டியாக அரையுங்கள். வாழையிலைத் துண்டில் விரல் கனத்துக்குப் பரப்பி இட்லிப் பானையில் அவித்து, நன்றாக ஆறிய பிறகு சாய்வாக வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்க எடுத்து வைத்துக்கொண்டு, புளிக்குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்போது துண்டுகளைப் போட்டு அடுப்பைத் தணித்துவிடுங்கள். மீன் குழம்பு மாதிரியே இதுவும் மறுநாள் இன்னும் ருசி. மீனை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். கடையில் விற்கும் உறைந்த சைவக் கறி பாக்கெட்டுகளைவிட இதன் மேல் எனக்கு மதிப்பு அதிகம். அந்தப் பாக்கெட்டுகளை அவசரத்துக்கு வாங்கலாம், உப்பின் அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிலவற்றைக் கோதுமைப் புரதத்தில் செய்கிறார்கள், கோதுமை ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டும்.

கொல்லிமலைப் பக்கம் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வாருங்கள். மேலெல்லாம் பழுப்பு நிற ரோமம் மூடி, ஆட்டுக்கால் போலவே இருக்கும். கிழங்கு என்று சொன்னாலும் அது பெரணிச் செடியின் தண்டு. ரோமத்தோடு தோலைச் சுரண்டி எடுத்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்துடன் தட்டிக் கொதிக்கவைத்தால் சூப் தயார். மூட்டுவலிக்கு மருந்து என்று விற்கிறார்கள். நான் அதற்காகக் குடிப்பதில்லை, மழை நாளில் ஆட்டுக்கால் சூப் நினைவு வந்தால் இதை வைக்கிறேன்.

இப்போது சொல்வதைத் தள்ளிவிடாமல் கேளுங்கள். பி12 பருப்பில் இல்லை, கீரையில் இல்லை, இட்லி மாவு புளிப்பதையும் நம்பியிருக்க முடியாது. பெரியவர்களுக்கு நாளுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் வரை தேவை. 200 மில்லி பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். காலையிலும் இரவிலும் ஒரு தம்ளர் பால், மதியம் தயிர் என்று இருப்பவர்கள் ஓரளவு சமாளிக்கலாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிது. பாலையும் விடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கல்லீரல் இந்தச் சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைவு உடனே தெரியாது. கை கால் மரத்துப்போகிறது, ஓயாத அசதி என்று பிறகுதான் காட்டும், நரம்பு கெட்டுவிட்டால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதில் தயக்கமே வேண்டாம்.

இரும்புச் சத்துக்கும் ஒரு வழக்கத்தை மாற்ற வேண்டும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் கறியில் உள்ளது போல உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளாது. பயறுச் சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் காபி, டீ குடித்தால் அதுவும் குறைந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

கடைசியாக வீட்டு விஷயம். "நீ விட்டால் விடு, எங்களை ஏன் படுத்துகிறாய்?" என்று கேட்பார்கள். என் மாமியார் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கிறார், நான் தடுப்பதில்லை. மசாலா அரைத்துக் கொடுப்பது நான்தான். அதில் பாதியைத் தனியாக எடுத்து வேறு அடுப்பில் சேனைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் போட்டு வைத்துவிடுவேன். அதே கல்பாசி, அதே மராட்டி மொக்கு, அதே வறுத்த தேங்காய். பந்தியில் இரண்டு குழம்பும் வரும். என் மகன் இரண்டையும் ஊற்றிக்கொள்கிறான்.

அடுத்த பதிவில் வாழைப்பூக் கோலா உருண்டை செய்து காட்டுகிறேன். பொட்டுக்கடலையை வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டு வாருங்கள்.