வாடகைச் சீட்டில் எழுதாத நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

படிப்பை முடித்து முதல் வேலையில் சேரப்போகிறவர்களும், சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்களும் என்னைப் பார்த்தால் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். “சார், நகரத்துக்குள்ளேயே சின்னதாக ஓர் இடம் பார்க்கட்டுமா, புறநகர்ப் பக்கம் போய்க் கொஞ்சம் பெரிய வீடாக எடுக்கட்டுமா?” நான் போக்குவரத்துத் திட்டமிடல் சொல்லிக்கொடுக்கிறவன். பதில் சொல்லுமுன் நான் ஒன்று கேட்பேன்: “வேலை முடிந்து ராத்திரி எப்படி வீட்டுக்கு வருவாய்?” காலையில் எப்படிப் போவாய் என்று கேட்பதில்லை. ராத்திரி எப்படி வருவாய் என்றுதான் கேட்பேன். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதற்கு மெதுவாக வருகிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. சேசரே மார்க்கெட்டி என்று ஓர் இத்தாலிய இயற்பியலாளர். அவர் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் எந்த ஊரில், எந்தக் காலத்தில் வாழ்ந்தாலும், சராசரியாக ஒரு நாளில் போகவர ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள் என்பது அவர் சொன்னது. அதற்கு முன்பே 1970-களில் யாகோவ் ஸஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் இதைக் கவனித்திருந்தார். மார்க்கெட்டி அதைச் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்த்தார். நடந்தே போன காலத்தில் மனிதன் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பான். பழைய கோட்டை நகரங்களின் குறுக்களவும் ஏறக்குறைய அந்த 5 கிலோமீட்டருக்குள்தான் இருந்தது. நடுவிலிருந்து எந்த விளிம்புக்குப் போனாலும் அரை மணி, திரும்ப அரை மணி. பிறகு குதிரை டிராம் வந்தது, மின்சார டிராம் வந்தது, சுரங்க ரயில் வந்தது, கார் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது பெர்லின் நகரம் எப்படி வெளியே விரிந்தது என்று அவர் காட்டினார். வண்டியின் வேகம் கூடியது. ஆனால் மிச்சமான நேரத்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. இன்னும் தூரமாகப் போய்க் குடியேறினார்கள். புறநகர் என்ற ஒன்று பிறந்த கதை இதுதான்.

அந்த ஒரு மணி நேரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போகவர இரண்டும் சேர்த்து ஒரு மணி.

இனி வாடகை. நகரத்தின் நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக ஏன் வாடகை குறைகிறது? இதற்குப் பதில் தேடியவர்களில் முன்னோடி ஜெர்மனியில் பண்ணை வைத்திருந்த ஃபான் தூனன். சந்தையிலிருந்து நிலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப அதன் குத்தகையும், அதில் என்ன பயிரிடலாம் என்பதும் மாறுகின்றன என்று 1826-இல் எழுதினார். நகரப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ 1964-இல் அதே கணக்கைக் குடியிருப்புக்குப் பொருத்தினார். சாரம் எளிது. தூரத்தில் வாடகை குறைவது, நீங்கள் தினமும் பயணப்படுவதற்கான ஈடு. யாரும் உங்களுக்குச் சலுகை தரவில்லை. வாடகையில் குறைந்ததை நேரமாகவும் பயணச்செலவாகவும் வேறு இடத்தில் கட்டுகிறீர்கள்.

ஏட்டின்படி இரண்டும் சமனாக வேண்டும். பெரிய வீடு, குறைந்த வாடகை, நல்ல காற்று இவையெல்லாம் ஒரு தட்டில், பயணம் மறு தட்டில். அப்படிச் சமனானால் தூரத்திலிருந்து வருகிறவரும் பக்கத்தில் இருக்கிறவரும் வாழ்க்கையில் ஒரே அளவு நிறைவோடு இருக்க வேண்டும் அல்லவா? அலோய்ஸ் ஸ்டட்சர், ப்ரூனோ ஃப்ரை என்ற இரண்டு சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள், ஜெர்மனியில் வருடா வருடம் அதே குடும்பங்களைக் கேட்டுத் திரட்டிய விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான அவர்களது கட்டுரை சொன்னது: பயண நேரம் கூடக் கூட, மக்கள் தாங்களே சொல்கிற வாழ்க்கை நிறைவு குறைகிறது. ஈடு கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? வீடு பார்க்கப் போகிற அன்று கண்ணுக்குத் தெரிவது அறை. அகலம், ஜன்னல், மாடம், கூடுதலாக ஓர் அறை. பயணம் அன்றைக்குக் கண்ணில் படுவதில்லை. பெரிய அறை சில மாதத்தில் பழகிவிடுகிறது. அதன் அகலத்தை நாம் கவனிப்பதே இல்லை. பயணம் அப்படிப் பழகாது. நேற்று நெரிசல், இன்று தாமதம், நாளை மழை. தினமும் வேறு மாதிரி வந்தால் மனம் எதற்கென்று பழகும்?

ஒரு கணக்குப் போடுவோம். பேனா, காகிதம் வேண்டாம், மனத்திலேயே போடலாம். புறநகர் வீட்டுக்கு ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர 80. மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த ஒரு மணி நேரத்தை இந்தக் கூடுதல் மட்டுமே தாண்டிவிடுகிறது. வருடத்துக்கு 230 வேலைநாள். பெருக்கினால் 18,400 நிமிடம், அதாவது 300 மணி நேரத்துக்கு மேல். இதையே 8 மணி நேர வேலைநாளாக மாற்றினால் 38 நாள். எங்கள் துறையில் சொந்தப் பயண நேரத்தின் மதிப்பை மணிச் சம்பளத்தில் பாதியாகப் போடுவது பரவலான வழக்கம். உங்கள் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதில் பாதியை 300-ஆல் பெருக்குங்கள். பயணச்செலவைக் கூட்டுங்கள். வருடத்து வாடகை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். சிலருக்குப் புறநகர்தான் லாபம் என்று வரும். வரட்டும், அது நல்ல முடிவு. சிலருக்கு மலிவு என்று நினைத்த வீடுதான் விலை கூடியது என்று தெரியும். சிகாகோவில் உள்ள ஒரு மையம் வெகுகாலமாக இந்த மாதிரிதான் கணக்கிடுகிறது. வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் பிரிக்காமல் சேர்த்துப் பார்த்து, இரண்டும் வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று எல்லை வைத்திருக்கிறது. வாடகையை மட்டும் பார்த்து மலிவு என்று சொல்லாதீர்கள் என்பதுதான் அதற்குள் இருக்கிற கருத்து.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நிமிடங்கள் எல்லாம் ஒரே நிமிடம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற 10 நிமிடமும், நிறுத்தத்தில் நின்று “வருமா, வராதா” என்று பார்த்துக்கொண்டிருக்கிற 10 நிமிடமும் மனிதருக்கு ஒன்றில்லை. போக்குவரத்துத் திட்டங்களில் காத்திருக்கும் நிமிடத்தையும் நடக்கும் நிமிடத்தையும், வண்டிக்குள் இருக்கும் நிமிடத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்கிடுகிறோம். மக்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வந்த எண் அது. ஆகவே ஒரு வீடு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதீர்கள். எத்தனை முறை வண்டி மாற வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும், இதைச் சொல்லுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் விஷயத்தைச் சொல்கிறேன். வேலை கிடைத்ததும் இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஒன்று நகரத்துக்குள், அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் ஒரே அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். இன்னொன்று புறநகரில், புதிதாகக் கட்டிய குடியிருப்பில் இரண்டு படுக்கையறை. வாடகையும் குறைவு. விளம்பரத்தில் “ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்” என்று போட்டிருந்தார்கள். அவளுக்கு மனம் முழுக்க இரண்டாவது வீட்டின் மேல். நியாயம்தானே? இத்தனை வருடம் விடுதியில் அடைந்து கிடந்த பிள்ளை. எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

அவளிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. “முன்பணம் கொடுக்குமுன் ஒரு வேலை செய். ஒரு திங்கட்கிழமை அந்த வீட்டு வாசலிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பி அலுவலக வாசல் வரை போ. அன்றைக்கே ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கிருந்து கிளம்பி இந்த வாசலுக்கு வா. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதே” என்றேன். போனாள்.

காலை நன்றாகவே இருந்ததாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ், நிலையத்தில் உடனே ரயில், உட்கார இடமும் கிடைத்தது. அலுவலக வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாள். “சார், 50 நிமிடம்தான், எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டாள். “இன்னும் பாதி இருக்கிறது அம்மா” என்றேன். ராத்திரி ரயில் சரியாகத்தான் வந்தது. ஆனால் இறங்கி வெளியே வந்தால் பஸ் இல்லை. காலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஓடிய அதே தடத்தில் எட்டரைக்கு மேல் மணிக்கு ஒன்று. அந்த ஒன்றும் இவள் இறங்கிய ரயிலுக்குச் சற்று முன்பே கிளம்பிப் போயிருந்தது. விளம்பரத்தின் 10 நிமிடம் காரில் போனால் 10 நிமிடம். நடந்தால் முக்கால் மணி, அதில் பாதிச் சாலைக்கு நடைபாதை கிடையாது. நிறுத்தத்தில் அவளோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக யார் யாரோ வந்து வண்டியில் அழைத்துப் போக, கடைசியில் தனியாக நின்றாள்.

ஒருநாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போகிற அதிகாரம் யாருக்கு இருக்கிறது? ஒரு மீட்டிங் நீளும். ஒரு வேலை முடியாது. சக ஊழியர்கள் சாப்பிடப் போகலாம் என்பார்கள். அப்போதெல்லாம் கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும். ராத்திரி எப்படி வருவாய் என்று நான் கேட்பது இதற்காகத்தான். காலைப் போக்குவரத்தை எல்லா ஊரிலும் ஓரளவு நன்றாக ஓட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். ராத்திரி திரும்புகிறவர்கள் சிதறி வருகிறார்கள், அதனால் வண்டியைக் குறைத்துவிடுகிறார்கள். இளம் வயதுக்காரர்கள் அந்தச் சிதறி வருகிற கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

அவள் கடைசியில் இரண்டையுமே எடுக்கவில்லை. இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கிற ஒரு பழைய புறநகரில், நிலையத்திலிருந்து எட்டு நிமிடம் நடந்தால் வருகிற வீட்டை எடுத்தாள். ஒரு படுக்கையறைதான். கட்டடமும் பழையது. ஆனால் ஒரு பாதையில் ரயில் நின்றாலும் மற்றதில் வந்துவிடலாம். வழியெங்கும் கடைகள், வெளிச்சம். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். புறநகர் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் எல்லாப் புறநகரும் ஒன்றில்லை. எபனேசர் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர், தொழிலால் சுருக்கெழுத்தாளர், 1898-இல் தோட்ட நகரம் என்ற யோசனையை எழுதினார். 1903-இல் இங்கிலாந்தின் லெட்ச்வர்த்தில் கட்டவும் தொடங்கினார்கள். அவர் கேட்டது வெறும் வீடுகளை அல்ல. 32,000 பேர் வாழ்கிற ஊர், அங்கேயே தொழிற்சாலை, அங்கேயே பள்ளி, கடை, நடுவில் பூங்கா, சுற்றிலும் வயல். வேலையும் வீடும் ஒரே ஊரில். பிறகு உலகெங்கும் பரவியது வேறு. 1947-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் அதற்குப் பெயர்பெற்ற உதாரணம். சில வருடங்களில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், காலையில் கிளம்பி வேலைக்கு வெளியே போகிற குடும்பங்கள். ஹோவர்டு நினைத்த மாதிரியான புறநகர் கிடைத்தால், அதாவது மருந்து வாங்க, முடி வெட்ட, ஒரு விளக்கு மாற்ற வண்டி எடுக்கத் தேவையில்லாத புறநகர் கிடைத்தால், தயங்காமல் போங்கள். தூங்குவதற்கு மட்டும் என்று கட்டிய இடத்தில் தனியாக வாழ்கிற ஓர் இளைஞருக்கு வேலையில்லாத நாள்கள் மிக நீளமாக இருக்கும்.

நகரத்துக்கும் அதன் பங்கைச் சொல்ல வேண்டும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், “அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?” என்று கேட்டார். பாதிப்பேருக்கு மேல் எப்போதாவது என்றார்கள். கால்வாசிக்கு மேல் அரிதாகத்தான் என்றார்கள். நெருங்கிய நண்பர்கள் வழியாக வந்தவர்கள் குறைவு. அரைகுறையாகத் தெரிந்த மனிதர்கள்தான் புதுக் கதவைத் திறக்கிறார்கள். அப்படிப்பட்ட அறிமுகங்கள் வேலை முடிந்து கூடுதலாக ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க முடிகிறவருக்குத்தான் சேரும். முதல் மூன்று நான்கு வருடத்துக்கு நகரத்தின் எதிர்ச்சுவர் ஜன்னலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நான் சில பிள்ளைகளுக்குச் சொல்வது இதனால்தான். ஆனால் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் வீட்டுக்கு வெளியே சத்தம் சராசரி 40 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது. முதன்மைச் சாலையோரத்தில் அது கிடைக்காது. அதே கட்டடத்தில் பின்பக்க அறை இருக்கிறதா என்று கேளுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம் என்றால் நான் போட்ட 300 மணி 120 ஆகிவிடும், அப்போது தூரத்து வீட்டின் கூடுதல் அறைக்கு உண்மையான மதிப்பு வந்துவிடுகிறது. ஆனால் அந்த இரண்டு நாள் என்பது உங்கள் வேலை உத்தரவில் எழுதியிருக்கிறதா, மேலாளர் வாயால் சொன்னதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறையைப் பகிர்ந்து எடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் எல்லோர் பெயரையும் போடுங்கள். முதல் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு மேல் போடாதீர்கள், அந்த வயதில் வேலையே மாறிவிடலாம். இடையில் காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணத்தில் எதைப் பிடிப்பார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அழைத்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.