பூவோடு சேர்ந்த நார்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையைச் சுருக்கமாக முடித்து எங்கள் எல்லாரையும் காப்பாற்றிய செயலாளர் அவர்களே, இந்தக் கூடத்தை விடுமுறை நாளிலும் திறந்துவைத்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, ஒலிபெருக்கி உதவிய பந்தல்காரர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, பின்வரிசையில் கதவோரம் நின்றுகொண்டிருக்கும், எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக இருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

“வீட்டில் விளையும் சின்னச் சின்ன மகிழ்ச்சிகள்” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தையல், கோலம், மாடித்தோட்டம், வயர் கூடை என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் கைக்கு வராது. மதுரையில் நின்றுகொண்டு பேசுகிறேன். ஆகவே பூக்கட்டுவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மூன்று செய்திகள்: செடி, கட்டு, கதம்பம். “பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்” என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதில் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அதையும் இடையில் போட்டுவிடுகிறேன்.

முதலில் செடி. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியும். ஆனால் அந்த மல்லியின் நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்து வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெயர் நமக்கு, பிறந்த வீடு அங்கே. அந்த நாற்றில் ஒன்றை வாங்கி, பதினைந்து அங்குல வாயுள்ள தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்கு கலந்து வையுங்கள். அடியில் துளை அடைபடாமல் ஓட்டாஞ்சில்லு போடுங்கள். ஆறு மணி நேர நேர்வெயில் கட்டாயம். “செடி பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது” என்று புலம்புகிறவர்களின் தொட்டியைப் போய்ப் பாருங்கள், முக்கால்வாசி நிழலில் இருக்கும். மீதிக் கால்வாசிப் பேர் கவாத்து செய்ய மனசு வராதவர்கள். கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், தண்ணீரை நிறுத்திச் செடியைக் கொஞ்சம் வாடவிட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். மல்லி புதுத் துளிரில்தான் பூக்கும். பழைய கொம்பைக் கட்டிக்கொண்டு அழுதால் இலைதான் மிஞ்சும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து குறைவு. அன்னபேதி உப்பு, உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேளுங்கள், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளியுங்கள். மொட்டு ஊதா நிறமாகித் துளை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளை அன்றே கிள்ளி அழித்துவிடுங்கள், செடியடியில் உதிர்த்துப் போட்டால் புழு மறுபடி ஏறும். முல்லை வைக்கிறவர்கள் ஏறுவதற்கு ஏதாவது கொடுங்கள். பாரி வள்ளல் தேர் கொடுத்தார். நமக்கு மாடிக் கைப்பிடிக் கம்பி போதும்.

ஒரு நிமிடம். நம் வார்டு மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்கள் வேறொரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு இப்போது மேடைக்கு வந்திருக்கிறார்கள். கைதட்டி வரவேற்போம். அவர்களுக்குப் போட்டிருக்கிற பொன்னாடைக்கு மேல் ஒரு மாலையும் போட்டிருக்கிறார்கள். அந்த மாலையை நான் கீழே இருந்தே கவனித்துவிட்டேன். நைலான் நூலில் கட்டிய மாலை. அம்மா தவறாக நினைக்கக் கூடாது, அதைப் பற்றிப் பின்னால் பேசுவேன்.

இரண்டாவது, கட்டு. இங்கே மதுரைப் பக்கம் சொல்லிச் சிரிக்கிற ஒரு கதை. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர். வீட்டில் பொழுது போகவில்லை. மனைவி அவரை இரண்டு முழம் மல்லி வாங்கிவர அனுப்பினார். பூக்கார அம்மா வழக்கம்போல விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்தார். இவர் பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டார்.

“ஏம்மா, முழம்னா பதினெட்டு இஞ்ச். உன் கை பதினாறுதான் இருக்கு. ரெண்டு முழத்துக்கு நாலு இஞ்ச் நீ எனக்குக் கடன்.”

“சார், எங்க ஆத்தா கையும் இதே நீளந்தான். அம்பது வருசமா யாரும் டேப்பு வைக்கல.”

“யாரும் வைக்கலன்னா அளவு சரியாயிடுமா?”

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்னால் நின்ற ஒருவர், “சார் சொல்றது சரிதான், எனக்கும் ரெண்டு இஞ்ச் சேத்துக் குடு” என்றார். பூக்கார அம்மா பார்த்தார். கூடையை மூடினார். உதிரி மொட்டை அள்ளித் தராசில் போட்டார். “இந்தாங்க, நூறு கிராம். தராசு பொய் சொல்லாது. முழத்தை நீங்களே பண்ணிக்கோங்க.”

இவர் வெற்றிவீரராக வீட்டுக்குப் போனார். சாயங்காலம் நாலு மணிக்குச் செய்தித்தாளை விரித்து, தையல் மிஷின் நூல்கண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டினார், உதிர்ந்தது. கட்டினார், உதிர்ந்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஏழு மணிக்கு மொட்டெல்லாம் மலர்ந்து வீடே மணக்கிறது. இவர் டேப்பை எடுத்து அளந்தார். ஐந்து இஞ்ச்! மனைவி வந்து பார்த்துவிட்டு, “சாமி படத்துக்குப் போட்டுருங்க. படமும் சின்னதாப் பாத்துப் போடுங்க” என்றார். மறுநாள் காலையில் பூக்கடையில் போய் நின்றார். “எம்மா, கட்டச் சொல்லிக் குடுப்பியா?” அந்த அம்மா சிரிக்கவே இல்லை. “அந்த நாலு இஞ்சை விட்டுக்குடுத்தீங்கன்னா சொல்லித் தர்றேன் சார்.”

சிரித்தாயிற்று. இப்போது அவர் எங்கே கோட்டைவிட்டார் என்று பாருங்கள். தையல் நூல் மெலிசு. மல்லிக் காம்பு நீர்ச்சத்துள்ள குழல். மெல்லிய நூலை இழுத்துக் கட்டினால் கத்தி மாதிரி அறுத்துவிடும். பயந்து தளரக் கட்டினால் பூ நழுவும். வாழைநார் தட்டை. இழுத்தாலும் அறுக்காது, பட்டையாகப் படிந்து பிடிக்கும். நேரமும் தப்பு. அதிகாலையில் பறித்த மொட்டு சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு வாய் திறக்கும். மதியம் இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். கொட்டிய மொட்டை இனம் பிரிக்கவும் இல்லை. குட்டையும் நெட்டையும் ஒரே கண்ணியில் விழுந்தால் குட்டை உருவிக்கொண்டு போகும்.

கட்டும் முறை இதுதான். நாரைத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுங்கள். உலர்ந்த நார் மடக்கினால் முறியும், ராத்திரி முழுக்க ஊறினால் வழவழத்து முடிச்சு நிற்காது. ஊறிய நாரை நகத்தால் கீறி, தடித்த நூல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு மொட்டு ஒரு பக்கம், இரண்டு மொட்டு எதிர்ப்பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இடது கையின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடியுங்கள். நாரைக் காம்புகள்மேல் ஒரு சுற்று. பிறகு வலது கை விரலில் நாரை மாட்டி ஒரு திருப்புத் திருப்பினால் கண்ணி விழும். அந்தக் கண்ணியைக் காம்புகளின் தலைப்பில் மாட்டி இழுங்கள். “க்ரீச்” என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் காம்பு போச்சு. அடுத்த நான்கு மொட்டு முந்தின முடிச்சை மூடியபடி உட்கார வேண்டும். நார் வெளியே தெரிந்தால் இடைவெளி விட்டீர்கள் என்று அர்த்தம்.

நூறு கிராமில் ஏறக்குறைய நானூறு மொட்டு, அதாவது நூறு முடிச்சு. நெருக்கமாகக் கட்டினாலே இரண்டு முழம் வரும். பழகிய கைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. புதுக் கை ஒரு மத்தியானம் முழுக்க எடுத்துக்கொள்ளட்டுமே! கை வேலையாக இருக்கும்போது போனை எடுக்க முடியாது. பேசலாம், பாட்டுக் கேட்கலாம், சும்மா இருக்கலாம். கட்டிய சரத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். துளி நின்ற இடம் பழுப்பேறும். ஈரத்துணியில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்கிறார்களே, நார் என்னவோ பூவின் தயவில் வாழ்கிற மாதிரி! நார் இல்லாவிட்டால் அந்தப் பூ உதிரிதானே? கூடையில் கிடக்கும், கூந்தலுக்கு வராது. உயர்ந்தவரோடு ஒட்டிக்கொண்டவரைப் பார்த்து இந்தப் பழமொழியைச் சொல்லும்போதெல்லாம் நாருக்காகப் பரிந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றுகிறது. இன்றைக்கு அந்த ஆள் நான்.

ஏனென்றால் நாரைக் கைவிட்டுவிட்டோம். கடைக்குப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர் கலந்த நூல். மறுநாள் வாடிய சரத்தைத் தூக்கிப் போடுகிறோம். பூ மக்கிவிடும். நூல் மக்காது. செடித்தொட்டியில் உரமாகட்டும் என்று போட்டவர்கள் ஆறு மாதம் கழித்து மண்ணைக் கிளறினால் சிக்குச் சிக்காக நூல்தான் வரும், வேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பையைப் பிடித்தார்கள், உறிஞ்சுகுழலைப் பிடித்தார்கள். பூக்கட்டுகிற நூலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மாமன்ற உறுப்பினர் அம்மா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்கிறேன்.

“நாருக்கு எங்கே போவது?” என்பார்கள். திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிற மாநிலம் இது! குலை வெட்டிய மரம் தோட்டத்தில் சும்மா அழுகுகிறது. வெளிக் காய்ந்த சருகை நீக்கிவிட்டு, அடுத்த மட்டையின் வெளித்தோலை விரற்கடை அகலத்தில் உரியுங்கள். உள்பக்கச் சோற்றை மழுங்கிய கத்தியால் வழித்து, நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள். கடும் வெயிலில் போட்டால் நார் நொறுங்கும். பழைய சேலை கட்டிக்கொண்டு செய்யுங்கள், வாழைக்கறை பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. காய்ந்ததைச் சுருட்டி ஈரம் படாத இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும்.

ஆகவே என் கோரிக்கைகள்: பூ வாங்கும்போது “நாரில் கட்டினதா?” என்று கேளுங்கள். நாரில் கட்டிய முழத்துக்கு ஐந்து ரூபாய் கூடக் கேட்டால் டேப்பை எடுக்காமல் கொடுங்கள். கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் அர்ச்சனைச் சரத்துக்கு நார் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பனிக்கு வரத்து குறைந்து மல்லி கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போகும். அப்போது சம்பங்கியிலும் மருவிலும் கட்டிப் பழகுங்கள், கை மறக்காது.

மூன்றாவதாகக் கதம்பம் என்று சொன்னேன். மரிக்கொழுந்தை எத்தனை கண்ணிக்கு ஒருமுறை வைப்பது, கனகாம்பரம் மணக்காவிட்டாலும் ஏன் வேண்டும் என்றெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். தலைவர் மணியைப் பார்க்கிறார். அவர் இரண்டாவது முறையும் பார்த்துவிட்டார். கதம்பத்தை அடுத்த ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்வோம், கூப்பிட்டால்.

கூடத்தின் பின்பக்கம் ஒரு வாளியில் நார் ஊறிக்கொண்டிருக்கிறது. நான் பேச ஆரம்பிக்கும்போது போட்டது, இப்போது சரியான பதத்தில் இருக்கும். பக்கத்தில் இரண்டு கிலோ உதிரி மொட்டு இருக்கிறது. விரும்புகிறவர்கள் பாயில் உட்காருங்கள். மகளிர் குழுத் தாய்மார்கள் சொல்லித் தருவார்கள். கதவோர இளைஞர்களுக்கும் இடம் உண்டு. நூல்கண்டு கொண்டுவந்தவர்கள் தயவுசெய்து அதைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.